யப்பான் பாட்டுக்கு ஒரு கெட்டிமேளம்

யப்பான்காரி ஒருத்தி தன் பாஷையில் பாடினால் வெள்ளைக்காரன் இருந்து கேட்பானா என்ற வழக்கு எங்கள் வீட்டில் இரண்டு வருடம் நடந்தது. கேட்பான் என்றவள் என் மகள். தலைகீழாக நின்றாலும் கேட்கமாட்டான் என்றவன் நான். அந்த வழக்கில் நான் தோற்ற கதையை நானே உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், தோற்றதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கிழமை நாட்களில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் நான் சவுண்ட்காரன். கலியாணம், பிள்ளை பெரியவளானதுக்குச் சாமத்திய வீடு, பிறந்தநாள், கிறிஸ்துமஸ் ஒளிவிழா என்று பாரிசைச் சுற்றி எங்கள் ஈழத்துச் சனம் மண்டபம் எடுத்தால் மைக்கும் ஸ்பீக்கரும் என்னுடையவையாகத்தான் இருக்கும். நாலு பெரிய பெட்டிகள், ஒரு மிக்ஸர், இரண்டு சீடி பிளேயர், சாக்கு நிறைய வயர். எல்லாம் லாச்சப்பல் என்ற எங்கள் கடைத்தெருப் பகுதியில், ரூ காய் தெருவில், என் நண்பர் ஒருவரின் சேலைக்கடை நிலவறையில் கிடக்கும். அந்தக் குறுகிய படிகளில் பெட்டிகளை ஏற்றி இறக்கியே என் இடுப்பு போனது.

எங்கள் சனத்துக்கு மைக்கில் எக்கோ இல்லாவிட்டால் அது மைக்கே இல்லை. வரவேற்புரை சொல்ல வருகிறவர்கூட, "அண்ணை, கொஞ்சம் எக்கோ விடுங்கோ" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்வார். அவர் ஒருதரம் சொன்ன வணக்கம் மண்டபத்தில் நாலுதரம் கேட்கும். அவருக்கும் திருப்தி, சபைக்கும் திருப்தி. எக்கோ விடுவதில் லாச்சப்பலில் என்னை அடிக்க ஆளில்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. இடது பக்கத்து சீடி பிளேயரில் கெட்டிமேளத்தை எப்போதும் தயாராக நிறுத்தி வைத்திருப்பேன். தாலி கட்டும் நேரம் ஐயர் விரலைத் தூக்கினால் அழுத்துவேன். ஆனால் கெட்டிமேளம் எதற்கு? அந்த நேரத்தில் ஒரு தும்மலோ, அழுகையோ, ஏடாகூடமான சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்குத்தானே? ஆகவே அதை நான் எல்லா ஆபத்துக்கும் மருந்தாக வைத்திருந்தேன். பாடுகிற பிள்ளை வரி மறந்தால் கெட்டிமேளம். பாட்டு நடுவில் சிக்கி நின்றால் கெட்டிமேளம். ஒருமுறை மாப்பிள்ளையின் சித்தப்பாவும் பெண்ணின் மாமனும் மணவறைக்குப் பக்கத்திலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைப் பிரிக்கும்வரை விடாமல் அடித்தேன். இன்றைக்கும் அந்த வீடியோவைப் பார்த்தால் இருவரும் மேளத்துக்கு ஆடுவதுபோலத்தான் இருக்கும். சபையில் சத்தம் நின்றால் என் இடது கை என்னைக் கேட்காமலே போய்விடும். அப்படிப் பழகிவிட்டது.

2009 சித்திரையிலும் வைகாசியிலும் என் பெட்டிகள் கலியாணங்களுக்குப் போகவில்லை. ஊர்வலங்களுக்குப் போயின. வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தது. என் வான் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, பெட்டிகளைத் தெருவைப் பார்க்கத் திருப்பி, தமிழில் கத்தினோம். பிறகு பிரெஞ்சில் எழுதிப் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பித்தோம். என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. செத்தவர்களின் கணக்கையும் குண்டு விழுந்த ஊர்களின் பெயர்களையும் அவள் நாள்தோறும் மைக்கில் வாசித்தாள். நடைபாதையில் போனவர்கள் எங்களைப் பார்த்தார்கள், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்கள், போனார்கள். ஒருவர் மட்டும் வந்து என்னிடம் கதைத்தார். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார்.

அன்று என் மனதில் ஒன்று விழுந்து இறுகிவிட்டது. இந்தச் சனத்துக்குத் தன்னுடையது அல்லாத பாஷை வெறும் சத்தம். நாம் அழுதாலும் அது சத்தம்தான்.

அதே மாதங்களில்தான் மகள் யப்பான் பாட்டுக்குள் போய் விழுந்தாள். பள்ளிக்கூடத்தால் வந்தால் காதில் வயர், கதவு சாத்தினபடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் கதவைத் தள்ளித் திறந்து, "அங்கை சனம் சாகுது, உனக்கு இஞ்சை யப்பான் பாட்டோ?" என்று கத்தினேன். அவள் வயரைக் கழற்றினாள். பிரெஞ்சில், மெல்லமாக, இப்படிச் சொன்னாள்: "அதில் ஒரு சொல்கூட எனக்கு விளங்காது. அதுதான் கேட்கிறேன்." நாள் முழுக்க அந்தப் பெயர்களை வாசித்த பிள்ளை. கதவை நானே சாத்திவிட்டு வந்தேன்.

ஆனால் அவள் விளங்காமல் கேட்டுக்கொண்டே இருக்கவில்லை. புத்தகம் வாங்கினாள், எழுத்துப் பழகினாள், குளியலறைக் கண்ணாடியில் யப்பான் எழுத்தை ஒட்டினாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று ஒன்பது வயதில் நிலத்தில் புரண்டவள் இவள்! நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள். அதற்கும் ஒரு விதி வைத்திருந்தாள்: வாக்குவாதத்தில் என்னை வெல்லவேண்டும் என்றால் மட்டும் தமிழுக்கு வருவாள்.

வழக்குத் தொடங்கியது சேலைக்கடையில். ஒரு சனிக்கிழமை பெட்டி ஏற்றுவதற்கு அவளையும் கூட்டிப் போயிருந்தேன். யப்பான் பாடகர்கள் பாரிசுக்கு வருகிறார்கள், டிக்கெட் எடுக்கப் போகிறேன் என்று அவள் சொன்னதும் நண்பர் சிரித்தார்.

"யப்பான்காரன் கார் விப்பான், ரீவி விப்பான். பாட்டு விக்க ஏலாது, பிள்ளை. இங்கிலீசிலை பாடினால் ஒருவேளை வெள்ளையள் எட்டிப் பாப்பினம்" என்றார்.

"அதைத்தான் நானும் சொல்லுறன். இவளுக்கு விளங்குதில்லை" என்றேன்.

அவள் தமிழுக்கு வந்தாள். "அப்பா, நீங்கள் ஊரிலை ஹிந்திப் பாட்டுக் கேட்டனீங்கள்தானே? விளங்கினதோ?"

"அது வேறை."

"என்ன வேறை?"

"அது… மியூசிக்."

நண்பர் சேலை மடிப்பதை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. நாங்கள் ஹிந்திப் பாட்டுக் கேட்டது எங்களுக்கு மற்றவன் பாஷை பெரிது என்று பழகிப்போனதால். வெள்ளைக்காரனுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றேன். அவளிடம் அதற்கும் பதில் இருந்தது. "இங்கிலீசிலை பாட இங்கிலீஸ் ஆக்கள் இருக்கினம், அப்பா. அதை வாங்க யப்பான்காரரிட்டை ஏன் போகவேணும்? யப்பான் பாஷையிலை பாட அவை மட்டும்தானே இருக்கினம்." பதினாறு வயதில் இந்தக் கதை. கோபம் வந்தாலும் உள்ளுக்குள், அட, இவள் என்ரை பிள்ளையடா என்று ஒன்று துள்ளத்தான் செய்தது. வெளியே காட்டவில்லை.

2012 இல் அவளுக்கு லிசேயில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், கடைசி வருடம். அடுத்து என்ன படிப்பது என்று இணையத்தில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்திக் கொடுக்கவேண்டும். என் முடிவு கணக்கியல். கதிரையில் இருந்து செய்கிற வேலை, இடுப்பு போகாது. அவளுடைய முதல் விருப்பம் என்ன தெரியுமா? ஒலித் தொழில்நுட்பம். அதாவது சவுண்ட்!

"பெட்டி தூக்குற வேலை இந்தக் குடும்பத்திலை எனக்கு மட்டும் போதும்" என்று நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் தரையில் தட்டினார். நாலு நாள் வீட்டில் கதை இல்லை. இணையத்தில் வரிசையை மாற்றுவதற்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. நான் ஓம் சொல்லாமல் அவள் முதலில் போடமாட்டாள். நான் ஓம் சொல்வதாயும் இல்லை.

ஐந்தாம் நாள் அவளே வந்து கதவடியில் நின்றாள். தமிழில் தொடங்கினாள், என்னை வெல்ல வந்திருக்கிறாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட நண்பர்களும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுமாகச் சேர்ந்து யப்பானில் இருந்து ஒரு பாடகியை அழைத்திருக்கிறார்களாம். அங்கே பெரிய பெயர் இல்லாத, சின்ன மண்டபங்களில் பாடுகிற பெண். பாரிஸ் ஓரத்துப் பொபினியில் மண்டபம் எடுத்தாயிற்று. சவுண்ட் தருகிறோம் என்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"அப்பா, உங்கட பெட்டியள் வேணும். நீங்களும் வேணும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, சொல்லிவிட்டேன். "சரி, வாறன். உந்தப் பெட்டை தன்ரை பாஷையிலையே பாடட்டும். உங்கட சனம் கடைசி மட்டும் இருந்து கேட்டினம் எண்டால், நீ நினைச்சதை முதலாவதாப் போடு. இடையிலை எழும்பிப் போச்சினம் எண்டால் கணக்கியல். பிறகு ஒரு கதை இல்லை."

"சத்தியமோ?"

"சத்தியம்."

அந்த மண்டபம் எனக்குப் புதிதில்லை. எத்தனையோ சாமத்திய வீடு செய்த இடம். எந்தப் பிளக்கில் மின்சாரம் வராது, எந்த மூலையில் சத்தம் போய்ச் சுருண்டு நிற்கும் என்றெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு நிகழ்ச்சி. காலையிலேயே போய் வயர் இழுத்தேன். பாடகியோடு ஒரு யப்பான்காரர் வந்திருந்தார், அவளுடைய சவுண்ட் ஆள். ஒல்லி மனிதர், கறுப்பு உடுப்பு, கையில் மண்டபத்தின் படம் கீறிய தாள். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. கைவிரலாலும் தலையாட்டலாலும் வேலை ஓடியது.

ஒத்திகையில் அந்தப் பெண் பாடினாள். சின்ன உருவம், சின்னக் குரல். பாவம், காய்ந்து கேட்கிறதே என்று நான் எக்கோவைக் கொஞ்சம் ஏற்றினேன். யப்பான்காரர் வந்தார், குனிந்து வணங்கினார், எக்கோவைப் பூச்சியத்துக்கு இறக்கினார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் அரைவாசிக்கு ஏற்றினேன். திரும்பி வந்தார், வணங்கினார், இறக்கினார். மூன்றாம் முறையும் ஏற்றினேன். அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை; வணங்கினார், இறக்கினார், பைக்குள் இருந்து ஒரு கறுப்பு நாடாவை எடுத்துக் கிழித்து அந்தக் குமிழின் மேலேயே ஒட்டிவிட்டார். இருபது வருடத்தில் என் மிக்ஸரில் இன்னொருவன் கை வைத்தது அதுதான் முதல் தடவை. மூக்குக்கு மேலே கோபம். மகள் மேடையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஐந்து மணி என்றால் எங்களுக்கு ஆறரை. ஆகவே ஐந்துக்கு நான் மனைவி கட்டித் தந்த மீன் ரோல்சைக் கையில் எடுத்தேன். கடி விழுந்த அதே நேரம் விளக்கு அணைந்தது. அவள் மேடைக்கு வந்துவிட்டாள்! ரோல்சை மடியில் போட்டுவிட்டு மைக்கைத் திறந்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. வெள்ளைப் பிள்ளைகள், கறுப்புப் பிள்ளைகள், அரபுப் பிள்ளைகள். நீலத் தலைமயிர், பூனைக்காது, பள்ளிக்கூடச் சீருடைபோல ஒரு உடுப்பு. பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய் தகப்பன்மார் பின்வரிசையில். நான் பாட்டைப் பார்த்ததைவிட வாசல் கதவைத்தான் கூடப் பார்த்தேன். ஒரு பாட்டு முடிந்தது, ஒருவரும் எழும்பவில்லை. மூன்று முடிந்தது. ஒரு பெடியன் எழும்பினான். நான் நிமிர்ந்து இருந்தேன். கழிவறைக்குப் போய்விட்டு ஓடி வந்து இருந்தான். பின்வரிசைத் தகப்பன் ஒருவர்கூடக் கையால் முழங்காலில் தாளம் போட்டார். என் வழக்கு என் கண்ணுக்கு முன்னாலேயே சரிந்துகொண்டிருந்தது.

முடிய இன்னும் மூன்று பாட்டு இருக்கும். அவளுக்குப் பின்னால் ஓடிய இசை எல்லாம் ஒரு கணினியில் இருந்து வந்தது. பாட்டின் நடுவில், அவள் கையை உயர்த்திய அந்த இடத்தில், கணினி செத்துப்போனது. இசை பட்டென்று நின்றது. மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை.

சபையில் சத்தம் நின்றால் என் இடது கை என்ன செய்யும் என்று முதலே சொல்லியிருக்கிறேன்.

கடவுளே! கெட்டிமேளம். கலியாண மண்டபத்து அளவில், நாலு பெட்டியாலும், தவிலும் நாதஸ்வரமுமாக அந்த யப்பான் பெண்ணின் தலையில் போய் இறங்கியது. முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். யப்பான்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. அதில் கோபம்கூட இல்லை, இது எந்த உலகம் என்ற கேள்வி மட்டும் இருந்தது. மேடையடியில் மகள் இரண்டு கையையும் தலையில் வைத்தாள். நான் எந்தப் பொத்தானை அழுத்தினேன் என்று விளங்கவே எனக்குச் சில விநாடி பிடித்தது. நிறுத்தினேன். அதற்குப் பிறகு வந்த அமைதி முன்னையதைவிட மோசமாக இருந்தது.

மானம் கப்பலேறியது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்தச் சனம் இப்போது எழும்பிப் போனால் வழக்கில் வெல்லப்போவது நான். என் பிள்ளையின் முதல் விருப்பத்தை என் இடது கையே அழித்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வெற்றி எனக்கு வேண்டாம் என்று அந்த இடத்திலேயே நெஞ்சு அடித்துக்கொண்டது. போகாதையுங்கோ, இருங்கோ, இருங்கோ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்குச் சொன்னேனோ.

மேடையில் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, இடுப்பு மடிய, நல்ல ஆழமாக ஒரு வணக்கம். சனம் கொல்லென்று சிரித்தது, கைதட்டியது. எங்கேயோ ஒருவன் "ஓங்கோர்!" என்று கத்தினான், இன்னொருக்கா அடியுங்கோ என்று. அவள் கையை உயர்த்திச் சனத்தை அடக்கினாள். மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். பாட்டு எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தில் இருந்து, பின்னால் ஒரு இசையும் இல்லாமல், தன் பாஷையில் பாடத் தொடங்கினாள்.

அந்தச் சின்னக் குரல் நடுங்கியது. எக்கோவுக்குக் கை போனது. கறுப்பு நாடா தடுத்தது. அப்படியென்றால் சத்தத்தையாவது ஏற்றுவோம் என்று பெரிய குமிழைப் பிடித்தேன். அதற்குள் மகள் சனத்துக்குள்ளால் ஓடி என்னிடம் வந்துவிட்டாள். என் கைக்கு மேலே தன் கையை வைத்தாள்.

"ஏத்தாதையுங்கோ, அப்பா. இறக்குங்கோ."

"பைத்தியமோ? கேக்காது!"

"இறக்குங்கோ. சனம் பாடப்போகுது."

அவள் என் கையோடு சேர்த்தே குமிழை இறக்கினாள். பாடகியைப் பார்த்து வைத்த சின்னப் பெட்டியை மட்டும் கொஞ்சம் ஏற்றினாள், அவளுக்குத் தன் குரல் கேட்கட்டும் என்று. மண்டபத்தில் சத்தம் தணியத் தணிய, கீழே இருந்து ஒன்று எழும்புவது கேட்டது. சனம் பாடியது. முதலில் முன்வரிசை, பிறகு நடு, பிறகு எல்லோரும். யப்பான் பாஷையில்! நான் வாய்களைப் பார்த்தேன். நீலத் தலைமயிர்க் கறுப்புப் பிள்ளை, மூக்கில் வளையம் போட்ட வெள்ளைப் பெடியன், பூனைக்காது வைத்த ஒரு தடித்த பெண். ஒருவரும் முணுமுணுக்கவில்லை, சொல்லுக்குச் சொல் பாடினார்கள். பெட்டிகளை நான் முழுக்க ஏற்றியிருந்தால் அந்தக் குரல்களை ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

இதே பெட்டிகள். மூன்று வருடத்துக்கு முன் இதே பெட்டிகளைத் தெருவுக்குத் திருப்பி வைத்துக் கத்தியபோது மணிக்கூட்டைப் பார்த்துப் போனது இதே ஊர்ச் சனம். எனக்கு முதலில் பொறாமையாக இருந்தது, மறைக்கமாட்டேன். பிறகு அழுகை வந்தது. பிறகு என் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தேன். அவள் என்னையும் பார்க்கவில்லை, மேடையையும் பார்க்கவில்லை. தலையைச் சரித்துச் சனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விரல் நுனியால் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக எனக்கு ஏற்றத்தான் தெரியும். எந்த இடத்தில் இறக்கவேண்டும் என்று என் மகளுக்குத் தெரிந்திருந்தது. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்தால்தானே சொல்லிக்கொடுக்க!

கடைசிப் பாட்டு முடியும்வரை ஒருவரும் எழும்பவில்லை.

முடிந்த பிறகு பாடகி நேராக எங்களிடம் வந்தாள். அந்த இசை என்ன என்று கேட்டாளாம். மகள் யப்பான் பாஷையில் விளக்கினாள். நான் வாய் பார்த்து நின்றேன். பாடகி மறுபடி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"தாலி கட்டேக்கை அடிக்கிற மேளம் எண்டு சொன்னன். அப்ப இண்டைக்குத் தனக்கும் இந்தச் சனத்துக்கும் கலியாணமோ எண்டு கேக்கிறா."

"ஓம் எண்டு சொல்லு" என்றேன். யப்பான்காரருக்கு மிச்ச ரோல்சைக் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டார். ஒவ்வொன்றுக்கும் வணங்கினார்.

வீட்டில் மனைவி கதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "இஞ்சாருங்கோ, நீங்கள் வேணுமெண்டோ அடிச்சனீங்கள்?" எனக்கு வந்த கோபத்தில் கோப்பையை நிலத்தில் வைத்த சத்தம் மேல்வீட்டுக்குக் கேட்டிருக்கும். "என்ரை பிள்ளைக்கு நான் அப்பிடிச் செய்வனோ?" என்றேன். மகள் சோபாவில் இருந்தபடி, எழும்பாமல், "இல்லை அம்மா, அது அப்பாவின்ரை கை" என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

அடுத்த நாள் பின்னேரம் கணினிக்கு முன்னால் இருந்தாள். வரிசை திரையில் இருந்தது. அவள் கையை வைக்கவில்லை. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்தேன்.

"உன்ரையை முதலாவதாப் போடு. என்ரையை ரெண்டாவதாப் போடு, சும்மா கிடக்கட்டும்."

"ஓமப்பா" என்றாள். தமிழில்.

அதற்குப் பிறகு நான் கட்சி மாறிவிட்டேன், அதுவும் பொல்லாத மாற்றம். சேலைக்கடைக்குப் போனால் யப்பான் பாட்டைப் பற்றி நானே வாயைத் திறப்பேன். நண்பர் விடவில்லை. "ஐசே, உது சின்னப் பெடியளின்ரை விளையாட்டு. பெரிய மண்டபத்தை நிரப்பட்டும், அப்ப கதைப்பம்" என்றார். உண்மையைச் சொன்னால், வந்த யப்பான் பாடகர்கள் எல்லோரும் வெல்லவில்லை. இங்கிலீசில் பாட்டைத் திருத்திக்கொண்டு வந்தவர்கள் சிலரை ஒரு வருடத்துக்குப் பிறகு காணவில்லை. இசை நல்லாயிருந்தும் ஆள் வராமல் போனவர்களும் உண்டு. மகள் படிக்கும் காலத்தில் வந்து சொல்லிய கதைகள்தான் இவை. ஆனால் பொபினியில் பாடிய அந்தப் பெண் திரும்பி வந்தாள். பிறகும் வந்தாள். ஒவ்வொரு முறையும் மண்டபம் பெரிதானது. பாஷை மட்டும் மாறவில்லை.

மகள் படித்து முடித்து, மண்டபம் மண்டபமாக வேலை செய்து, கடைசியில் அந்தப் பெண்ணின் ஆட்களே ஐரோப்பாவுக்கு வரும்போது இவளைக் கேட்டு எடுக்கிற அளவுக்கு வந்தாள். அவளுக்குப் பெட்டி தூக்கும் வேலை இல்லை, அதற்கு வேறு ஆட்கள். என் இடுப்பைப் பற்றி நான் பட்ட கவலை அவள் இடுப்புக்குத் தேவைப்படவில்லை.

சில வருடத்துக்கு முன், அந்தப் பெண்ணின் நிகழ்ச்சிக்குப் பாரிசில் ஒரு பெரிய மண்டபம். எங்கள் கலியாண மண்டபங்கள் பத்தை உள்ளே அடுக்கலாம். மகள் இரண்டு டிக்கெட் தந்தாள். மனைவிக்கு அன்று வேலை, ஆகவே நண்பரைக் கூட்டிப் போனேன். ஒருமணி நேரம் முந்தியே இழுத்துக்கொண்டு போய்விட்டேன். "இவ்வளவு வெள்ளன வந்து மண்டபம் கூட்டவோ?" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார். உள்ளே சனம் வரத் தொடங்கியது. வந்துகொண்டே இருந்தது. நண்பர் மேல்மாடத்தைப் பார்த்தார், கீழே பார்த்தார், திரும்பவும் மேலே பார்த்தார். யப்பான்காரர் எத்தனை பேர், மற்றவர்கள் எத்தனை பேர் என்று தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, ஐசே. நிரப்பிப்போட்டாள்" என்றார்.

நிகழ்ச்சிக்கு முன் மகள் எங்களைத் தன் மேசைக்குக் கூட்டிப் போனாள். மண்டபத்தின் நடுவில், ஒரு மேடைபோல உயர்ந்த இடத்தில், கட்டில் அளவு மிக்ஸர். அவள் கழுத்தில் அடையாள அட்டை. சுற்றி நாலைந்து பேர் அவள் சொல்வதைக் கேட்டு ஓடுகிறார்கள். எனக்கு அந்தக் குமிழ்கள் பாதி விளங்கவில்லை. எக்கோ எங்கே என்று கேட்கலாமா என்று யோசித்துவிட்டு விட்டேன்.

மேசையின் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி, எட்டுப் பொத்தான். ஒவ்வொன்றுக்கும் கீழே வெள்ளை நாடா ஒட்டிப் பேனையால் பெயர் எழுதியிருந்தது. ஏழில் பிரெஞ்சு எழுத்து. எட்டாவதில், கடைசிப் பொத்தானில், கோணல்மாணலாக, தமிழ் எழுத்து.

"உது என்ன?" என்று கேட்டேன்.

"உங்கட மேளம்தான். எங்கை போனாலும் ஏத்தி வைச்சிருப்பன், அப்பா. எப்பவாவது எல்லாம் நிண்டுபோனால்…"

"அழுத்தினனியோ?"

"இன்னும் இல்லை." சிரித்தாள். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

நண்பர் குனிந்து பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்துத் தெரியாது. "என்ன ஐசே எழுதியிருக்கு?" என்றார்.

"கண்ணாடியைப் போட்டு நீரே வாசியும்" என்றேன்.

பொக்கற்றைத் தடவி எடுத்துப் போட்டார். குனிந்தார். "அப்பா" என்று வாசித்தார்.

"சத்தமா வாசியும். எனக்குக் கேக்கேல்லை" என்றேன்.